மூன்று கோடு

ஜூலை 16, புதன்

மதியம் உசிலம்பட்டிப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெரியவரை 108-ல் கொண்டுவந்தார்கள். வயது 62. சர்க்கரை நோய் 15 வருடமாக இருக்கிறது. கல்லீரல் சுருங்கிவிட்டது என்று தெரிந்து 2 வருடம் ஆகிறது. மூன்று நாளாகப் பகலெல்லாம் தூக்கம், ராத்திரியெல்லாம் நடமாட்டம். நேற்று நள்ளிரவில் இல்லாத மாட்டை அவிழ்க்கப் போயிருக்கிறார். பேய்க் கோளாறு என்று வேப்பிலை அடித்துவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறார்கள்.

முதலில் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தேன். 168. அப்போ குழப்பத்துக்குச் சர்க்கரை இறங்கியது காரணமில்லை. "ஐயா, பஸ்ஸை நிறுத்துற மாதிரி ரெண்டு கையையும் நீட்டிப் பிடிங்க" என்றேன். நீட்டினார். மணிக்கட்டு நிற்கவில்லை. தளர்ந்து விழுகிறது, நிமிர்கிறது, மறுபடி விழுகிறது. கல்லீரல் வடிகட்டாத அம்மோனியா என்ற கழிவு மூளைக்குப் போனால் கை இப்படித்தான் அடிக்கும்.

மகன், "ரொம்பத் திமிர்றாரு, தூங்க ஒரு ஊசி போடுங்க சிஸ்டர்" என்று கெஞ்சினார். முடியவே முடியாது என்றேன். இந்த நிலையில் தூக்க மருந்து கொடுத்தால் அப்படியே கோமாவுக்குள் தள்ளிவிடும். கட்டிலின் இரு பக்கக் கம்பியையும் ஏற்றிவிட்டு, மகனைப் பக்கத்திலேயே உட்காரவைத்தேன்.

"கடைசியா எப்ப வெளிக்குப் போனாரு அக்கா?" என்று மனைவியிடம் கேட்டேன். அவர் சுற்றிலும் பார்த்தார். என் கையைப் பிடித்து ஜன்னல் ஓரம் கூட்டிப்போய், "நாலு நாளாச்சு தாயி" என்றார். போன வாரம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பஸ்ஸில் போகணும், மண்டபத்தில் இருக்கணும், வயிறு போனால் மானம் போகும் என்று, கல்லீரலுக்காகத் தினமும் குடிக்கும் லாக்டுலோஸ் சிரப்பை நிறுத்திவிட்டார்களாம். அதை அவர்கள் வீட்டில் பேதி மருந்து என்றுதான் சொல்கிறார்கள். பேதி எதற்கு என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

இன்னொன்றையும் அவர் மூன்று தடவை சொன்னார். "சத்தியமா அவரு குடிச்சதில்ல. ஊர்ல எல்லாரும் குடிச்சுக் கெட்டாருங்கிறாக." சர்க்கரையும் கல்லீரலில் சேரும் கொழுப்புமே போதும் அக்கா, குடிக்காதவர்களுக்கும் இது வரும் என்று பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகவே சொன்னேன்.

ஜூலை 17, வியாழன்

விழுங்கச் சொன்னால் புரைக்கேறும் நிலை. அதனால் டாக்டர் எனிமாவாகவே எழுதியிருந்தார். லாக்டுலோஸ் 300 மில்லி, தண்ணீர் 700 மில்லி. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மெதுவாக ஏற்றி, அரை மணி நேரமாவது உள்ளே தங்கும்படி பிடித்துவைத்தோம். அப்புறம் வந்ததைச் சுத்தம் செய்யும்போது கருப்பாகத் தார் மாதிரி இருக்கிறதா என்றும் பார்த்தேன். உணவுக்குழாயில் ரத்தம் கசிந்தாலும் இதே குழப்பம் வரும். கருப்பு இல்லை. வயிற்றில் கட்டியிருந்த நீரில் கொஞ்சம் எடுத்துக் கிருமிச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதிலும் ஒன்றும் இல்லை.

விடியற்காலை 5 மணிக்குக் கண் விழித்து, "இது எந்த ஊரு?" என்று கேட்டார். மதுரை என்றேன். "மருதயா?" என்று மறுபடி படுத்துக்கொண்டார். அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்ததும் அவர் மனைவி அழுதுவிட்டார்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. வேலைக்கு வரும் வழியெல்லாம் மைக் செட்.

அக்காவை உட்காரவைத்துச் சிரப்பைப் பற்றிப் பேசினேன். வயிற்றை இளக்குவதோடு இதன் வேலை முடிவதில்லை. பெருங்குடலுக்குள் போய் அங்கேயே புளித்து, அம்மோனியாவை ரத்தத்துக்குள் ஏறவிடாமல் பிடித்துவைத்து, மலத்தோடு வெளியே தள்ளுகிறது. அதனால் இத்தனை மூடி என்று ஒரே அளவாகக் குடித்துக்கொண்டே போகக்கூடாது. ஒரு நாளைக்கு 2 அல்லது 3 தடவை இளக்கமாகப் போகணும், அதற்குத் தகுந்த மாதிரிதான் அளவு.

"எனக்கு எழுதத் தெரியாதே" என்றார். மகனின் பையிலிருந்த தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தைக் காட்டி, போகும்போதெல்லாம் ஒரு கோடு போடுங்க என்றேன். சாயங்காலம் பார்த்தால் ஒரு கோடு, நடுவில் இடம் விட்டு இன்னொரு கோடு. அந்த இடம் மதியச் சாப்பாட்டுக்காம்.

சாப்பாட்டிலும் ஒரு பயம் இருந்தது. பருப்பும் முட்டையும் ஆகாது என்று யாரோ சொல்லி, 2 மாதமாகக் கஞ்சித் தண்ணீரிலேயே வைத்திருக்கிறார்கள். தொடையில் சதையே இல்லை. இந்த நோயாளிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். கல்லீரல் வடிகட்டாமல் விட்ட அம்மோனியாவில் ஒரு பங்கை அந்தச் சதைதான் ஏற்றுக்கொள்கிறது. ராத்திரி வெறும் வயிற்றோடு படுத்தால் உடம்பு சதையைத்தான் தின்னும். அதனால் படுக்கும் முன் இரண்டு இட்லி, கூடவே பருப்பு.

உப்பு மட்டும் கண்டிப்பு. நாள் முழுக்க, சமையலோடு சேர்த்து, தலைதட்டி ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராம். "கருவாடு?" என்று பெரியவரே கேட்டார். அவர் கேள்வி கேட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம், கூடாது என்று சொல்லத்தான் மனசு வரவில்லை. சொன்னேன்.

ஜூலை 20, ஞாயிறு

நேற்று எனக்கு விடுப்பு. இன்று காலை தாளைப் பார்த்தால் எட்டுக் கோடு.

மறுபடி மயக்கமாகிவிடுமோ என்ற பயத்தில் அக்கா இடையிடையே தானாகவே சிரப் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். பெரியவரின் நாக்கு வறண்டு கிடந்தது, சிறுநீர் குறைவு, பேச்சில் லேசாகக் குளறல். பொட்டாசியம் 2.9. நீரும் உப்புச் சத்தும் இப்படி இறங்கினாலும் அதே குழப்பம் திரும்ப வரும். டாக்டர் சிரப்பையும் நீர் மாத்திரையையும் நிறுத்திவைத்து, டிரிப்பில் பொட்டாசியம் ஏற்றச் சொன்னார்.

இது என் தப்பு. குறையக்கூடாது என்று அத்தனை தடவை சொன்ன நான், கூடக்கூடாது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அக்காவிடம் அப்படியே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மூன்றாவது கோட்டுக்குக் கீழே நானே குறுக்காக ஒரு கோடு இழுத்துக் கொடுத்தேன். நாலு தாண்டினால் அடுத்த வேளை சிரப் கொடுக்காமல் எங்களைக் கூப்பிடணும்.

ஜூலை 23, புதன்

தினமும் காலையில் அவரைக் கையெழுத்துப் போடச் சொல்கிறேன். வியாழக்கிழமை ஓர் எழுத்துகூட நிற்காமல் பக்கத்தை விட்டே ஓடியது. திங்கள்கிழமை எழுத்து தெரிந்தது, ஆனால் கோடு சரிந்தது. இன்று முதல் எழுத்தின் சுழியை முழுசாகச் சுழித்து முடித்து, பெயருக்கு அடியில் இரண்டு புள்ளியும் வைத்தார். பேங்கில் அப்படித்தான் போடுவாராம். கை நீட்டினால் அசையாமல் நிற்கிறது.

எடை 61.4. நேற்றைவிட 400 கிராம் குறைவு. காலில் வீக்கம் இல்லாதவருக்கு ஒரு நாளைக்கு அரைக் கிலோவுக்கு மேல் நீர் இறங்கக்கூடாது. அதனால் இது சரியான இறக்கம்.

ஜூலை 25, வெள்ளி

டிஸ்சார்ஜ். மூட்டு வலிக்குக் கடையில் தானாக வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் எதுவும் கூடாது, கருப்பாகப் போனாலோ ரத்த வாந்தி எடுத்தாலோ உடனே கிளம்பி வரணும் என்று சொல்லி முடித்தேன். பெரியவர் தயங்கித் தயங்கி, "ராத்திரி மருந்து மட்டும் வேண்டாமே தாயி" என்றார்.

ஏன் என்று விசாரித்தேன். கக்கூஸ் கொல்லைக் கடைசியில் இருக்கிறதாம். வீட்டிலிருந்து 40 அடி, வழியில் ஒரு கல் படி, விளக்குக் கிடையாது. இரண்டு தடவை விழுந்திருக்கிறார். கல்யாணத்துக்கு முன்னாலும் ராத்திரி வேளையைப் பாதி நாள் குடிக்காமல் இருந்திருக்கிறார். இத்தனை நாளில் இதை நான் கேட்கவே இல்லை. மகனுக்கும் இப்போதுதான் தெரிகிறது.

ஜூலை 28, திங்கள்

மகன் வார்டுக்குப் போன் செய்தார். கொல்லைக்கு வயர் இழுத்து பல்பு போட்டாச்சு, படிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பியும் நட்டாச்சு. "அம்மா பேசணுமாம்" என்று கொடுத்தார்.

"தாயி, நேத்து மூணு" என்றார் அக்கா.