தோற்ற வண்டியைத் தேடி க்ளெர்மோன்-ஃபெராண்டுக்கு

பாரிஸின் மேற்கு ஓரத்தில், போர்ட் மையோ பக்கத்துச் சிறு பூங்கா ஒன்றில் பளிங்கில் செதுக்கிய ஒரு கார் இருக்கிறது. வளைவுக்குள்ளிருந்து அது நம்மை நோக்கி வருகிறது. இரண்டு பக்கமும் கூட்டம் ஆரவாரம் செய்கிறது. தொடக்க காலக் கார் பந்தய வீரர் எமில் லெவாஸோரின் நினைவுச் சின்னம் இது. ஜூல் தாலூ வடிவமைக்க, அவர் இறந்தபின் கமீல் லெஃபெவ்ர் செதுக்கி முடித்தார். 1907-ல் திறந்து வைத்தார்கள். பழைய கார்கள் மேல் ஆசை உள்ள யாரும் பாரிஸில் தவறவிடக் கூடாத இடம்.

1895 ஜூன் மாதம் பாரிஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பும் பந்தயம் நடந்தது. மொத்தம் 1,178 கிலோமீட்டர். லெவாஸோர் தன் பனார் வண்டியை 48 மணி 48 நிமிடத்தில் ஓட்டி முடித்தார். ஸ்டீயரிங் வீல் கிடையாது, ஒரு நெம்புகோல்தான். வழியில் ருஃபெக் ஊரில் மாற்று ஓட்டுநர் காத்திருக்க வேண்டும். இவர் எதிர்பார்த்ததைவிட வெகு சீக்கிரம் வந்துவிட்டதால் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். சரி என்று லெவாஸோர் தானே தொடர்ந்து ஓட்டினார். இரண்டு இரவு, இரண்டு பகல், சராசரியாக மணிக்கு 24 கிலோமீட்டர். முதலில் வந்தும் முதல் பரிசு அவருக்கு இல்லை, ஏனென்றால் அவருடையது இரண்டு பேர் மட்டும் உட்காரும் வண்டி. பரிசு ஒரு பியூஜோவுக்குப் போனது.

அவருடைய சக்கரங்களில் இருந்தது கெட்டி ரப்பர். மரச் சக்கரத்தைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை, உள்ளே காற்று இல்லை. 1886-ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியும் அப்படித்தான்: சைக்கிள் போலக் கம்பி ஆரங்கள், மேலே கெட்டி ரப்பர். அதே ஆண்டு டைம்லர் செய்த நான்கு சக்கர வண்டியில் அதுகூட இல்லை, குதிரை வண்டிபோல இரும்புப் பட்டைதான். கெட்டி ரப்பரில் பஞ்சர் ஆகாது என்பது பெரிய நிம்மதி. ஆனால் கல் பாவிய சாலையின் ஒவ்வொரு அடியும் அச்சுக்கும் எஞ்சினுக்கும் ஓட்டுபவரின் முதுகெலும்புக்கும் நேராகப் போய்ச் சேரும். வேகம் கூடக் கூட வண்டி தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும். லெவாஸோர் அதைத் தாங்கி ஜெயித்தார் என்பதால்தான் அவர் மேல் எனக்கு இத்தனை மரியாதை.

அதே பந்தயத்தில் காற்றடைத்த டயரோடு ஓடியது ஒரே ஒரு கார். அதைத் தேடித்தான் பாரிஸின் பெர்சி நிலையத்தில் தெற்கே போகும் ரயில் ஏறினேன். மூன்றரை மணி நேரப் பயணம். க்ளெர்மோன்-ஃபெராண்ட் எரிமலைகளின் ஊர். தேவாலயமே கறுப்பு எரிமலைக் கல்லில் கட்டியது. நகர மையத்திலிருந்து ட்ராமில் போகலாம். அந்த ட்ராமும் ரப்பர் டயரில்தான் ஓடுகிறது! நடுவே ஒரே ஒரு தண்டவாளம், வழிகாட்ட மட்டும். டயர் நிறுவனமான மிஷெலின் பிறந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி எது?

மிஷெலின் அருங்காட்சியகம் ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே எனக்கு மிகவும் பிடித்தது சைக்கிளில் தொடங்கும் கதை. காற்று டயருக்கு முதலில் காப்புரிமை வாங்கியவர் ஸ்காட்லாந்தின் ராபர்ட் தாம்சன், 1845-ல். அப்போது அதற்கு ஏற்ற வண்டியே இல்லை, எல்லோரும் மறந்துபோனார்கள். 1888-ல் பெல்ஃபாஸ்ட்டில் கால்நடை மருத்துவர் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதை மீண்டும் கண்டுபிடித்தார். ஒரு சிக்கல், டயர் ரிம்மில் பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தது. 1889-ல் பஞ்சரான டன்லப் டயரோடு ஒரு சைக்கிள்காரர் மிஷெலின் தொழிற்சாலைக்கு வந்தாராம். பிரித்து ஒட்ட மூன்று மணி நேரம், பசை காய ஒரு முழு இரவு. காலையில் எடுவார் மிஷெலின் அதை ஓட்டிப் பார்த்தார், கொஞ்ச தூரத்திலேயே மறுபடி பஞ்சர். ஆனால் காற்றின் மேல் போகும் அந்தச் சுகம் அவரை விடவில்லை. ஓவியராக இருந்து குடும்பத் தொழிலுக்கு வந்தவர் அவர்.

1891-ல் கழற்றி மாட்டும் டயர் தயார். அந்த ஆண்டு பாரிஸ்–ப்ரெஸ்ட்–பாரிஸ் பந்தயத்தில் சார்ல் தெரோன் அதை மாட்டிக்கொண்டு, டன்லப் டயரில் வந்தவரைச் சுமார் 8 மணி நேரம் முந்தினார். அடுத்த ஆண்டு எடுவாரும் அவர் அண்ணன் ஆந்த்ரேயும் தாங்களே ஒரு சைக்கிள் பந்தயம் நடத்தி, நெவேர் அருகே சாலையில் ஆணிகளைத் தூவினார்கள். பஞ்சர் ஆனால் என்ன, நிமிடங்களில் சரிசெய்யலாம் என்று காட்டத்தான். அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

அப்புறம்தான் கார். ஒரு ஆளைச் சுமக்கும் டயர் வேறு, எஞ்சினையும் ஆட்களையும் சேர்த்துச் சுமக்கும் டயர் வேறு. 1895 பந்தயத்துக்கு அதை நம்பி மாட்டிக்கொள்ள யாரும் முன்வரவில்லை. அதனால் ஆந்த்ரேயும் எடுவாரும் தாங்களே ஒரு பியூஜோவை எடுத்துத் தயார்செய்து ஓட்டினார்கள். பெயர் ‘எக்ளேர்’, அதாவது மின்னல். வேகத்தால் வந்த பெயர் இல்லை. சாலையில் மின்னல்போல இப்படியும் அப்படியும் வளைந்து வளைந்து போனதாம்! குதிரை லாடத்திலிருந்து விழுந்த ஆணிகள் நிறைந்த சாலைகள் அவை. பஞ்சர், நிறுத்து, கழற்று, ஒட்டு, காற்றடி, கிளம்பு, மறுபடி பஞ்சர். லெவாஸோர் வெகு நேரம் முன்பே பாரிஸ் போய்ச் சேர்ந்துவிட்டார். எக்ளேர் முன்னணியில் எங்குமே இல்லை.

ஆனாலும் அந்த வண்டி போர்தோ வரை போய்த் திரும்பியது. என்னைப் பொறுத்தவரை காரின் வரலாறு திரும்பிய இடம் அதுதான். எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் தந்தாலும் அதைச் சாலைக்குக் கொண்டு சேர்ப்பது டயர். அந்த நாட்களில் எஞ்சின் செய்தவர்களின் பெயர் எல்லோருக்கும் தெரியும். ரோட்டோரம் மண்டியிட்டு ட்யூப் மாற்றியவர்களுக்கும் ஒரு பளிங்குச் சிற்பம் வேண்டும்.

மிஷெலினின் சின்னமான, டயர்களை அடுக்கிச் செய்த பிபெண்டம் பொம்மை ஏன் வெள்ளை என்பதும் இங்கேதான் விளங்கும். அன்றைய டயர்கள் கறுப்பாக இல்லை, வெளிர் நிறம். தேய்மானம் குறையக் கார்பன் கரி சேர்த்துக் கறுப்பாக்கியது 1910-களில்தான் பரவியது. 1898 போஸ்டரில் பிபெண்டத்தின் கையில் இருக்கும் கோப்பையில் ஆணியும் கண்ணாடித் துண்டும். எங்கள் டயர் இடையூறுகளைக் குடித்துவிடும் என்பது அந்த விளம்பரம்.

அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது என்பதை மறக்க என்னால் முடியாது. 1890-களில் அமேசான் காட்டிலிருந்தும், பெரும் கொடுமைகளுக்கு நடுவே காங்கோவிலிருந்தும். கார்கள் பெருகியதும் இலங்கை, மலாயாத் தோட்டங்களிலிருந்து. பேராக்கில் என் பாட்டி விடியுமுன் விளக்கோடு போய்ப் பால் வெட்டி மங்குகளில் சேர்த்தவர். உலகின் டயர்களில் எங்கள் தோட்டத்து லயங்களின் உழைப்பும் உருண்டிருக்கிறது. இந்த அருங்காட்சியகத்தில் நான் நெடுநேரம் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

லெவாஸோர் 1896 பந்தயத்தில் வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டு, அதிலிருந்து தேறாமல் அடுத்த ஆண்டு இறந்துபோனார். 1899 ஏப்ரலில் பெல்ஜியத்தின் கமீல் ஜெனாட்ஸி, பாரிஸுக்கு அருகே ஆஷேரில், சுருட்டு வடிவ மின்சாரக் காரில் மணிக்கு 105.88 கிலோமீட்டர் தொட்டார். தரையில் 100-ஐத் தாண்டிய முதல் கார் அது. டயர்கள் மிஷெலின், காற்றடைத்தவை. எக்ளேர் ஓடி நான்கு வருடம்கூட ஆகவில்லை. அந்தக் காரின் அசல் வடக்கே கொம்பியேன் அரண்மனையின் வாகன அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். அடுத்த முறை பிரான்ஸ் வந்தால் முதலில் அங்கேதான்.