ஸ்ட்ரோலரை மடக்கச் சொன்னவன்

“டிராம் ஓட்டுநர் சிரிக்கவே இல்லை.”

என்மேல் வந்த முதல் புகார் இந்த ஒரு வரிதான். சிங்கப்பூரில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் டிராம் ஓட்டச் சேர்ந்து அப்போது மூன்றாவது வாரம். அதற்கு முன்பு பதினோரு வருடம் எல்லைக்கு அந்தப்பக்கம், மலேசியாவின் ஜொகூரில் தொழிற்சாலை பஸ் ஓட்டினேன். விடியற்காலையில் தூங்கி வழிகிற ஆட்களை ஏற்றி, தூக்கம் கலையாமலேயே கொண்டுபோய் இறக்கும் வேலை. நான் சிரித்தேனா முறைத்தேனா என்று அந்தப் பதினோரு வருடத்தில் ஒருவரும் கவனித்ததில்லை. வண்டி நேரத்துக்கு வந்ததா என்று மட்டும் பார்த்தார்கள். இங்கே வந்த பிறகுதான் என் முகத்துக்கும் மார்க் போடுகிறார்கள் என்று தெரிந்தது.

பூங்காவின் பெயர் வேண்டாம். டிராம் என்றதும் தண்டவாளத்தை நினைக்காதீர்கள். முன்னால் ஒரு இழுவை வண்டி, அதன் பின்னால் பக்கம் திறந்த மூன்று பெட்டிகள், ரப்பர் டயர். கடைசிப் பெட்டியில் ஓர் உதவியாளர் நிற்பார். அவர் இரண்டு முறை மணி அடித்தால்தான் நான் வண்டியை எடுக்கலாம். கார் நிறுத்துமிடத்திலிருந்து வாசல், வாசலிலிருந்து பின்பக்கத்துக் கடற்கரை, திரும்பவும் கார் நிறுத்துமிடம். ஒரு நாளைக்கு இருபது சுற்றுக்கு மேல் வரும்.

சேர்ந்ததும் மூன்று நாள் பயிற்சி. அதில் இரண்டரை நாள் டிஸ்னி புராணம். 1955-இல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது ஆட்களைப் பழக்குவதற்கென்றே வான் ஃபிரான்ஸ் என்பவரை வேலைக்கு வைத்தார்கள். அங்கே வேலை செய்கிறவருக்கு ‘கேஸ்ட் மெம்பர்’ என்று பெயர், அதாவது நாடகக் குழுவில் ஒருவர். பணம் கொடுத்து உள்ளே வருகிறவர் விருந்தினர். பூங்காவுக்குள் நிற்பது மேடையில் நிற்பது மாதிரி, ஓய்வறைக்குள் போனால் திரைக்குப் பின்னால் போன மாதிரி. வழி கேட்டால் ஒற்றை விரலை நீட்டக் கூடாது, இரண்டு விரலால் அல்லது முழுக் கையால் காட்ட வேண்டும். இந்தக் கடைசி விஷயம் மட்டும் எங்களுக்குப் பழையது. மலாய்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டைவிரலால்தான் வழி காட்டுகிறார்கள், அதற்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை.

அந்த வகுப்பில் எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. டிஸ்னி பூங்காக்களில் ஊழியர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி, “மூணு மணி ஊர்வலம் எத்தனை மணிக்கு?” கேட்டால் சிரிப்புத்தான் வரும். ஆனால் கேட்கிறவருக்குத் தெரிய வேண்டியது வேறு. ஊர்வலம் இந்த இடத்துக்கு எப்போது வரும், எங்கே நின்றால் பிள்ளைக்குத் தெரியும், அதற்குள் கழிவறைக்குப் போய் வந்துவிடலாமா, இதெல்லாம்தான். டிராம் நிறுத்தத்தில் இதற்கு ஒரு தம்பி உண்டு. “இந்த வண்டி போகுமா?” எங்கே போகுமா என்று சொல்ல மாட்டார்கள். ஆரம்பத்தில் “எங்கே போகணும்?” என்று திருப்பிக் கேட்பேன், அதுவே கடுப்பாக ஒலிக்கும் போல. பிறகு கையில் இருக்கும் பையைப் பார்த்தே பதில் சொல்லப் பழகினேன். மணல் ஒட்டிய செருப்பு என்றால் கார் நிறுத்துமிடம், காற்று ஊதாத மிதவை என்றால் கடற்கரை.

இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார்கள். டிஸ்னியின் நான்கு விதிகள்: முதலில் பாதுகாப்பு, அடுத்து மரியாதை, அடுத்து காட்சி, கடைசியில் செயல்திறன். 2021-இல் ஐந்தாவதாக எல்லோரையும் அரவணைப்பதையும் சேர்த்தார்கள். வரிசையை மாற்றக் கூடாது. பாதுகாப்புக்கும் மரியாதைக்கும் முட்டிக்கொண்டால் மரியாதை ஒதுங்க வேண்டும். கேட்டபோது எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று நினைத்தேன். எங்கள் ஓய்வறைச் சுவரிலும் சிரித்த முகத்தோடு பெரிய சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். ஆனால் வாக்கிடாக்கியில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, “இதுவரைக்கும் எத்தனை ட்ரிப்?”

அப்புறம் அந்த மார்க். விருந்தாளி மாதிரி யாரோ ஒருவர் வந்து ஏறிப் பார்த்துவிட்டுப் போவார். முகமன் சொன்னாரா, கண்ணைப் பார்த்தாரா, சிரித்தாரா என்று கட்டம் கட்டமாக எழுதிக் கொடுப்பார். ஒரு தடவை ‘கண்ணைப் பார்த்தாரா’ கட்டத்தில் எனக்குப் பூஜ்யம். அவர் ஏறிய நேரத்தில் என் கண் பக்கக் கண்ணாடியில் இருந்தது, ஏனென்றால் இரண்டாம் பெட்டிப் படியில் ஒரு பையன் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டிருந்தான். மேலாளரிடம் சொன்னேன். நல்ல மனிதர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். “புரியுது அண்ணே, ஆனா ஃபார்மில் அதுக்குக் கட்டம் இல்லையே” என்றார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை அண்ணே. மீதியை ஆங்கிலத்தில்தான் சொன்னார்.

பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த என் மகளிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். ஆர்லி ஹோக்‌ஷீல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, 1983-இலேயே இந்த மாதிரி வேலையை ‘உணர்ச்சி உழைப்பு’ என்று எழுதிவிட்டார் என்றாள். சம்பளச் சீட்டில் அதற்கு ஒரு வரி இருக்கிறதா பார் என்றேன்.

பூங்காவில் எல்லோரிடமும் இனிமையை எதிர்பார்க்கிறார்கள், நியாயம்தான். ஆனால் ஐஸ்கிரீம் விற்கிற பெண்ணிடம் வருகிறவர் ஏற்கனவே பாதி சந்தோஷத்தில் இருக்கிறார். எங்களிடம் வருகிறவர் காலையில் உள்ளே போகத் துடிக்கிறார், இரவில் வெளியே போகத் துடிக்கிறார். இடைப்பட்ட நல்ல நேரத்தில் எங்களைப் பார்ப்பதே இல்லை. கால் வலி, காலியான பணப்பை, அழுகிற பிள்ளை, எல்லாம் சேர்ந்து வரிசையில் நிற்கும்போது முன்னால் தெரிகிற முதல் சீருடை என்னுடையது. மழை நாளில் இன்னும் மோசம். இடி எச்சரிக்கை வந்ததும் திறந்தவெளி சவாரிகளை நிறுத்துவார்கள், உடனே பூங்கா முழுக்க நிறுத்தத்துக்கு வந்துவிடும். இடியை நான்தான் வரவழைத்தேன் என்பது போலப் பார்ப்பார்கள்.

தமிழர்கள் வந்தால் எதிர்பார்ப்பு இரண்டு மடங்கு. பெயர்ப் பட்டையில் என் பெயரை நாலு எழுத்தாக வெட்டித்தான் போட்டிருந்தார்கள், ஆனாலும் நெற்றித் திருநீறு காட்டிக் கொடுத்துவிடும். “நீங்க தமிழா?” என்பார்கள். அந்தக் கேள்வியில் பாசம் உண்டு, கூடவே ஒரு விண்ணப்பமும் இருக்கும்.

டிசம்பர் பள்ளி விடுமுறை, இரவு ஒன்பதே முக்கால். தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பம். கணவன், மனைவி, பாட்டி, ஸ்ட்ரோலர் என்கிற தள்ளுவண்டியில் வாயைத் திறந்து தூங்குகிற இரண்டு வயசுக் குழந்தை. ஸ்ட்ரோலரின் கைப்பிடியில் நாலு பைகள். விதிப்படி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஸ்ட்ரோலரை மடக்கினால்தான் ஏற்ற முடியும். சொன்னேன்.

“இப்பதான்ணா தூங்குனா. எழுப்புனா ராத்திரி பூரா அழுவா. நாங்க கெட்டியா பிடிச்சிக்கிறோம்.”

“முடியாதும்மா. மடக்கித்தான் ஆகணும்.”

பாட்டி என் நெற்றியைப் பார்த்தார். “நம்ம ஆளா இருந்துக்கிட்டு நீயே இப்படிப் பேசுறியேப்பா.”

பின்னால் அறுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணவன் பைகளைக் கழற்றினார், ஒன்று கிழிந்து ஒரு பொம்மை உருண்டது. குழந்தை விழித்து அலறியது. கார் நிறுத்துமிடம் வரை அந்த அலறல் மூன்று பெட்டிக்கும் கேட்டது. இறங்கும்போது அவர்கள் என் பக்கம் திரும்பவில்லை.

அந்த விதி சும்மா வந்ததல்ல. நான் சேர்வதற்கு முந்தைய வருடம், கடற்கரை வளைவில் ஒரு ஸ்ட்ரோலர் பிரேக் போட்டிருந்தும் உருண்டு சாலையில் விழுந்திருக்கிறது. நல்லவேளை, அதில் பைகள் மட்டும்தான் இருந்தன. பின்பெட்டியில் நின்று அதைப் பார்த்தவர், நாங்கள் எல்லோரும் காக் என்று கூப்பிடும் மலாய் அக்கா. அதன் பிறகு இரண்டு மணி அடிப்பதற்கு முன் எல்லாப் பெட்டியையும் குனிந்து பார்ப்பார். அவரால் ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம் தாமதம். யார் கேட்டாலும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

மறுநாள் புகார் வந்தது. “நீங்க செஞ்சது சரிதான், சொன்ன விதம்தான்” என்றார் மேலாளர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எப்படிச் சொல்லியிருக்க வேண்டும், பாட்டுப் பாடியா? அன்று மாலை காக்கிடம் இதைக் கொட்டினேன். காப்பியைக் கலக்கிக்கொண்டே அவர் கேட்டார், “அவங்க எவ்வளவு நேரம் வரிசையில நின்னாங்க?” இருபத்தைந்து நிமிடம் இருக்கும் என்றேன். “அப்போ அந்த இருபத்தஞ்சு நிமிஷம் நீ எங்க இருந்த? படியில கால வெச்ச பிறகு சொன்னா எனக்கும்தான் கோபம் வரும்.”

அடுத்த நாளிலிருந்து, சுற்றுக்கு இடையில் கிடைக்கும் நாலு நிமிடத்தில் வண்டியைவிட்டு இறங்கி வரிசையின் வால் வரை நடக்க ஆரம்பித்தேன். “அடுத்த வண்டியில இந்தக் கம்பம் வரைக்கும் இடம் இருக்கு, அதுக்குப் பின்னால நிக்கிறவங்க இன்னும் இருபது நிமிஷம் ஆகும், தண்ணி வாங்கணும்னா இப்பவே வாங்கிக்கோங்க. ஸ்ட்ரோலர் மடக்கணும், குழந்தையை இப்பவே மெதுவா தோள்ல போட்டுக்கோங்க, நான் மடக்கித் தரேன்.” தோளுக்கு மாறிய குழந்தை பெரும்பாலும் விழிப்பதில்லை. அவசரத்தில் பிடுங்கித் தூக்கினால்தான் விழிக்கும். ஸ்ட்ரோலர் மடக்குவதில் நான் நிபுணனாகிவிட்டேன். சிலவற்றுக்குக் கைப்பிடியில் பொத்தான், சிலவற்றுக்குப் பின்சக்கரத்துக்கு மேல் காலால் அமுக்கும் கட்டை. விலை கூடினவற்றில் இருக்கைக்கு நடுவே ஒரு வார் ஒளிந்திருக்கும், அதை மேலே இழுத்தால் படக்கென்று இரண்டாகிவிடும். அப்பாக்கள் அசந்துபோவார்கள். வாங்கி ஒரு வருடமாகியும் அவர்களுக்கே அது தெரியாது.

அந்த நாலு நிமிடத்தில் நான் சிரித்தேனா என்று எனக்கு நினைவில்லை. புகார் குறைந்தது. சுற்றும் குறைந்தது, அதற்கு வாக்கிடாக்கியில் திட்டும் வாங்கினேன்.

2019 டிசம்பரில் மனைவியின் அண்ணன் மகளைப் பார்க்க ஃபுளோரிடா போனோம். ஆர்லாண்டோவில் இருக்கும் டிஸ்னி பூங்காக்களுக்கும் கூட்டிப் போனாள். எல்லோரும் கோட்டையைப் பார்த்தார்கள், நான் வண்டிகளைப் பார்த்தேன். அங்கே மேஜிக் கிங்டம் என்ற பூங்காவில் காரை நிறுத்தியதும் உள்ளே போய்விட முடியாது. நடுவில் ஏரி, மோனோரெயிலிலோ படகிலோதான் போக வேண்டியிருந்தது. 1971-இல் திறந்ததிலிருந்தே அப்படித்தான். 2019 செப்டம்பரில்தான் அங்குள்ள வேறு பூங்காக்களுக்குப் புதிதாகக் கேபிள் கார் விட்டிருந்தார்கள். மோனோரெயிலில் முன்பெல்லாம் கேட்டால் ஓட்டுநரின் அறையிலேயே உட்காரவைத்துக் கூட்டிப் போவார்களாம், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். 2009 ஜூலை 5-ஆம் தேதி இரண்டு ரயில்கள் மோதி 21 வயது ஓட்டுநர் ஒருவர் இறந்தார். தடம் மாற்றும் பகுதி சரியான இடத்துக்கு வராமலேயே ரயில் பின்னோக்கி வந்ததுதான் காரணம், முன்னறையில் ஆள் ஏற்றியதற்கும் விபத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அந்த வழக்கம் அதோடு நின்றுபோனது. பயிற்சி வகுப்பில் சொன்ன விதிகளின் வரிசை எனக்கு அங்கேதான் உறைத்தது.

இரவு பூங்கா மூடியதும் விடுதிக்குப் போகும் பஸ்ஸுக்கு நீண்ட வரிசை. பஸ் வந்தது, ஆனால் யாரையும் ஏற்றவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய ஓட்டுநர் அம்மா இறங்கி வந்து, பேட்டரி வண்டியில் இருந்த ஒரு முதியவரை முதலில் ஏற்றினார். உள்ளே அந்த வண்டியை நாலு மூலையிலும் வார் போட்டுக் கட்டினார். ஒவ்வொரு வாரையும் இழுத்துப் பார்த்தார், மூன்றாவதைக் கழற்றித் திரும்பக் கட்டினார். நாலைந்து நிமிடம் ஆகியிருக்கும். வரிசையில் முணுமுணுப்பு. அந்த அம்மா யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை, சிரிக்கவில்லை. பிறகு இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடியைச் சரி செய்து, மைக்கில் மாலை வணக்கம் சொன்னார். அங்கே பெயர்ப் பட்டையில் சொந்த ஊரையும் போடுகிறார்கள். அவருடையதில் சான் ஹுவான் என்று இருந்தது. என் பட்டையில் ஜொகூரிலுள்ள என் ஊர் குளுவாங் என்று போட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அந்த ஊரின் பேர்போன ரயிலடிக் காப்பியைப் பற்றியாவது யாராவது கேட்டிருப்பார்கள்.

இறங்கும்போது நானும் ஓர் ஓட்டுநர்தான் என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். பின்னால் தள்ளினார்கள், இறங்கிவிட்டேன்.

ஊருக்குத் திரும்பி வேலையில் சேர்ந்த முதல் வாரம். கடைசி டிராமை முடித்து, கணக்குக் கொடுத்து, ஜொகூர் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். பஸ் நிறுத்தத்தைவிட்டு நகர்ந்துவிட்டது. இருபதடி போய் நின்றது. கண்ணாடியில் என்னைப் பார்த்திருக்க வேண்டும். கதவு திறந்தது. ஏறினேன், அட்டையைத் தட்டினேன், பின்னால் போய் உட்கார்ந்து தூங்கிவிட்டேன். சிங்கப்பூர் எல்லையிலுள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் எல்லோரும் இறங்கி ஓடும்போதுதான் உறைத்தது, அந்த ஓட்டுநரின் முகத்தை நான் பார்க்கவே இல்லை. திரும்பிப் பார்த்தேன். பஸ் அதற்குள் முன்னால் நகர்ந்து விளக்கை அணைத்துவிட்டிருந்தது.