பழைய செக்ரோலைப் புதிய கணினிக்கு மாற்றியபோது

ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றின் செக்ரோல், அதாவது தொழிலாளரின் வேலைநாள், சம்பளப் பதிவேடு, பொக்ஸ்புரோ என்ற பழைய தரவுத்தள மொழியில் எழுதப்பட்ட டொஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) மென்பொருளில்தான் நெடுங்காலம் ஓடியது. 64 பிட் விண்டோஸ் அத்தகைய மென்பொருளை இயக்காது. ஆகவே பழைய கணினி படுத்துவிடுமுன் அதை லினக்ஸுக்கு மாற்றும் வேலை எங்களிடம் வந்தது. பழைய டொஸ் கணினியைப் போல நடிக்கும் டொஸ்பொக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு அப்படியே ஓட்டலாம் என்றார்கள் சிலர். விளையாட்டுகளுக்காக உருவாக்கப்பட்ட ஒன்றை நம்பித் தோட்டத்துச் சனத்தின் சம்பளத்தை ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை. பைதன் நிரல்மொழியில் புதிதாகவே எழுதினோம்.

திரைகள் சீக்கிரம் முடிந்தன. முழுப் பேர் (முழுநாள் சம்பளம்), அரைப் பேர் (அரைநாள் சம்பளம்), மேலதிகக் கொழுந்து ஆகியவற்றுக்கான விதிகளோ எந்தக் காகிதத்திலும் இல்லை. பழைய நிரலுக்குள்ளும் பெரிய கிளாக்கரின் நினைவிலும் மட்டுமே இருந்தன. “தம்பி, சம்பளம் ஒருநாள் பிந்தினாலும் சனம் பொறுக்கும், பேர் குறைஞ்சா பொறுக்காது” என்றார் அவர். அதனால் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டோம்.

அப்போதுதான் ஊழியர் நம்பிக்கை நிதியில் சிலருக்கு ஒரு சதம் இடித்தது. 50 சதத்தில் முடியும் சம்பளத்துக்கு நூற்றுக்கு 3 வீதம் கணக்கிட்டால் விடை சரியாக அரைச் சதத்தில் வந்து நிற்கும். 10,001.50 ரூபாய்க்கு 300.045. பொக்ஸ்புரோ அதை 300.05 ஆக்கும், பைதனில் தசமக் கணக்குக்கான டெசிமல் தொகுதி, வேறு விதி சொல்லாதவரை, இரட்டைப்படை இலக்கத்தை நாடி 300.04 ஆக்கும். அரைச் சதத்தை மேலே ஏற்றும் விதியை நிரலில் வெளிப்படையாகவே எழுதிவைத்தோம்.

பெயர்களுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. தமிழ்ப் பெயர்ப் பட்டியல் தனியே பாமினி என்ற, ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துருவில் இருந்தது; அதை யுனிகோடுக்கு மாற்ற வேண்டும். பாமினியில் துணைக்காலுக்குரிய அதே விசைதான் ‘ரி’, ‘ர்’ ஆகியவற்றின் உடலையும் தருகிறது. ‘மாரியம்மா’ என்ற பெயரில் அது அடுத்தடுத்து இருமுறை வரும்: முதலாவது கால், இரண்டாவது ரகரம். பின்னால் வரும் குறியைப் பார்க்காத மாற்றி அந்தப் பெயரைச் சிதைத்துவிடும். ஓய்வுபெறும்போது சேமலாப நிதிப் பதிவிலுள்ள பெயரும் அடையாள அட்டையிலுள்ள பெயரும் பொருந்தாவிட்டால், ஆயுள் முழுதும் கொழுந்து பறித்தவர் தம் சொந்தப் பணத்துக்காக அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருக்கும். ஆகவே மாற்றி தந்த பட்டியலை அப்படியே ஏற்காமல், காலையில் தொழிலாளர் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்தில் ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் பார்த்தே பெயர்களை உறுதிசெய்தோம்.