புடு சிறை வாசல்வரை ஒரு நடை

மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடையில் கோலாலம்பூரின் பழைய உயர்நீதிமன்றக் கட்டடம் வந்துவிடும். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கலக்கும் இடம் பக்கத்திலேயே. குவிமாடத்தோடு படமெடுக்கக் கூட்டம் நின்றுகொண்டிருந்தது. நான் பினாங்கிலிருந்து ரயிலேறி வந்தது வேறு காரியத்துக்கு. இங்கிருந்து புடு சிறை வாசல்வரை ஒருமுறையாவது நடந்துவிட வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன்.

மலாயா கணபதிக்காக.

தோட்டத்தில் வளர்ந்த என் பாட்டி அந்தப் பெயரைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் சொல்வார். தமிழ்நாட்டின் தம்பிக்கோட்டையில் பிறந்து, மலாயாவுக்கு வந்து, அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்தவர் எஸ்.ஏ.கணபதி. 1948 ஜூனில் வெள்ளைக்கார அரசு அவசரகாலத்தை அறிவித்தது. சம்மேளனமும் தடை செய்யப்பட்டது. 1949 மார்ச் 1 அன்று ரவாங் பக்கத்தில் ஒரு கைத்துப்பாக்கியோடும் ஆறு தோட்டாக்களோடும் பிடிபட்டார். மார்ச் 15-இல் மரண தண்டனை. மே 4-இல் புடு சிறையில் தூக்கு. கைதான நாளிலிருந்து 64 நாள். இந்திய அரசு குறுக்கிட்டுக் கேட்டும் பலிக்கவில்லை. அவருடைய தோழர் வீரசேனன் தூக்குக்கு முந்தைய நாள்தான் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

கண்டெடுத்த துப்பாக்கியைப் போலீஸில் ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்ததாகக் கணபதி தரப்பில் சொல்லப்பட்டது. அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். என் மனத்தை அறுப்பது வேறு. அனுமதியில்லாத ஆயுதம் கையில் இருந்தது என்று முடிவானால் தூக்கு ஒன்றுதான் என்று அவசரகாலச் சட்டம் எழுதி வைத்திருந்தது. குறைத்துக் கொடுக்க நீதிபதிக்கு இடமே இல்லை. யாரை அடக்க அரசு அந்தச் சட்டத்தைப் போட்டதோ, அவர்களில் முதன்மையானவர் வந்து கூண்டில் நிற்கிறார். இரண்டு வாரத்தில் தீர்ப்பு. இதை நடுநிலையான விசாரணை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜாலான் துன் பேராக்கில் வெயில் மண்டையைப் பிளந்தது. நிழல் பார்த்து நடந்தேன். நடக்க நடக்க ஈப்போ வழக்கு நினைவுக்கு வந்தது. 1952-இல் லீ மெங் என்ற இளம்பெண் கையெறி குண்டு வைத்திருந்ததாகக் குற்றச்சாட்டு. அவருக்காக வாதாடியவர் நம் எஸ்.பி.சீனிவாசகம். அப்போதெல்லாம் நீதிபதியோடு அசெசர்கள் இருவர் உட்கார்ந்து கருத்துச் சொல்வார்கள். முதல் விசாரணையில் அசெசர்கள் இருவருமே ஆசியர்கள். குற்றமில்லை என்றார்கள். நீதிபதி ஏற்கவில்லை, மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். அடுத்த முறை ஓர் ஐரோப்பியர் உட்கார்ந்தார். அவர் குற்றவாளி என்றார், உடனிருந்த ஆசியர் இல்லை என்றார். நீதிபதி ஐரோப்பியரின் பக்கம் நின்றார். மரண தண்டனை விழுந்தது. பிறகு பேராக் சுல்தான் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்.

சாம்பசிவம் என்ற தமிழரின் கதையும் உண்டு. ஜொகூரில் துப்பாக்கி வழக்கு, அதிலும் இரண்டு விசாரணை, அதிலும் தூக்குத் தண்டனை. தோட்டா வைத்திருந்த குற்றச்சாட்டிலிருந்து அவர் முன்பே விடுதலையானவர். அதை இரண்டாம் விசாரணையின் அசெசர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அந்தக் காரணத்தால் 1950-இல் அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் தண்டனையை ரத்து செய்தது. லண்டன்வரை போய்ச் சேர நாள் கிடைத்த ஒருவர் பிழைத்தார். அதை நினைத்தால் அந்த 64 நாள் இன்னும் கனக்கிறது.

ஹங் துவா நிலையத்தருகே வந்தபோது சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. 1895-இல் கட்டி முடித்த சிறை 1996-இல் மூடப்பட்டது. 2010-இல் மதிலை இடித்தார்கள். இன்று அங்கே பேரங்காடியும் கோபுரங்களும் நிற்கின்றன. பழைய வாசல் வளைவை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். சுவரில் உள்ளங்கையை வைத்தேன். பூச்சு சொரசொரவென்று, மத்தியான வெயிலேறிச் சுட்டது.

நிழலில் நின்ற காவலாளி ஐயா தமிழர். "படம் எடுக்கணுமா தம்பி, போன குடுங்க" என்றார்.

"வேணாங்க ஐயா. கணபதிய இங்கதான தூக்குல போட்டாங்க?"

அவர் சட்டென்று தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "எங்கப்பா சொல்லுவாரு தம்பி. அன்னிக்கி எங்க தோட்டத்துல யாரு வீட்லயும் அடுப்புப் பத்த வைக்கலயாம்."

தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டு அவரும் என்னோடு வளைவையே பார்த்துக்கொண்டு நின்றார்.