அல்ஃபைன் 8: முழுநீள அவுட்டரும் அசையாத மஞ்சள் கோடும்

மஞ்சள் கோடு அசையவில்லை. இரண்டு பக்கப் பையிலும் அரிசியை ஏற்றிக்கொண்டு தெஹிவளை மேம்பாலத்தில் ஏறி இறங்கியாயிற்று. மழையில் நனையவிட்டாயிற்று. ஹாண்டிலை இரு பக்கமும் முட்ட முட்டத் திருப்பியும் பார்த்தாயிற்று. 4-ஆம் கியரில் வைத்துக் குனிந்து பார்த்தால் கேசட் ஜொயின்ரில் (ஹப்பில் கியர் கம்பி வந்து சேரும் பாகம்) இரண்டு கோடுகளும் நேருக்கு நேர் நிற்கின்றன, அதாவது கம்பியின் இழுவை சரி. இந்த அல்ஃபைன் 8 ஹப்பை, அதாவது எட்டுக் கியரும் பின்சக்கர நடுவுக்குள்ளேயே அடங்கிய ஷிமானோ ஹப்பை, பூட்டிய நாளிலிருந்து என் உயிரை வாங்கிக்கொண்டிருந்த கோடு அது. அதனால் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ளப் போகிறேன்.

வண்டி பழைய ஸ்டீல் டூரிங் பிரேம். டிரெய்லியருக்காக (செயினைப் பல்லுக்குப் பல் தள்ளும் வழக்கமான வெளிக் கியர்) செய்தது, அதாவது டவுன் டியூபிலும் செயின் ஸ்டேயிலும் கேபிள் நிறுத்திகள் ஒட்டியே வந்தவை. அந்த வழியிலேயே கம்பியை விட்டால் அவுட்டர் (வெளி உறை) மூன்று துண்டாகும், நடுவே வெறும் இன்னர் (உள்கம்பி) ஓடும். டிரெய்லியருக்கு அது நல்ல ஏற்பாடுதான். அல்ஃபைனுக்கு ஒத்துவரவில்லை. ஸ்டாண்டில் தூக்கி வைத்தால் கோடு நேராக இருக்கும். பாரம் ஏற்றி ஓடிவிட்டு வந்து பார்த்தால் தள்ளி நிற்கும். மூன்று துண்டு என்றால் ஆறு முனை, ஆறு தொப்பி. ஒவ்வொன்றும் ஓட ஓடக் கொஞ்சம் கொஞ்சமாய் உள்ளே பதிகிறது. கடைசியில் 5-இல் அழுத்தி மிதிக்கும்போது கால் திடீரென வெறுமைக்குள் விழும். ஆளில்லாத ரோட்டில் இது எரிச்சல். காலி வீதியில், பின்னால் 100-ஆம் இலக்க பஸ் வரும்போது, எரிச்சலோடு நிற்காது.

ரோலோஃப்காரர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. 1998-இல் வந்த அந்த 14 கியர் ஹப்பில் கிளிக் கணக்கு ஹப்புக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு கம்பிகள் இழுத்துவிட்டால் போதும், கம்பி கொஞ்சம் தளர்ந்தாலும் கியர் தன் இடத்தில்தான் விழும். அல்ஃபைன் 8-இல் கிளிக் எல்லாம் ஷிஃப்டரில், அதாவது ஹாண்டிலில் இருக்கும் கியர் மாற்றியில். ஒற்றைக் கம்பி எவ்வளவு இழுத்ததோ அதை ஹப் அப்படியே நம்பிவிடும். ரோலோஃப் விலையை ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு மூடிவைத்தேன், அந்தக் கதை அவ்வளவுதான்.

ஆகவே ஷிஃப்டரிலிருந்து ஹப் வரை ஒரே அவுட்டர். எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. வீடு வெள்ளவத்தையில், மரைன் டிரைவுக்குப் பக்கம். பல்கனியில் நிற்கும் வண்டியில் உப்புக்காற்று எதைத் தொட்டாலும் கறள்தான். நாகம் பூசிய இன்னர் வெளியே தெரிந்தால் அதன் கதி என்னவென்று கடற்கரைப் பக்கம் வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தக் காலத்து மூன்று கியர் றலியில் வெறும் கம்பி சீட் டியூபுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கப்பியைச் சுற்றி ஓடும்; எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு, வேலை முடிந்தது. தினமும் துடைக்கிற பொறுமை உள்ளவர்களுக்கு இன்றும் அதுதான் சிறந்த வழி என்பேன். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

அவுட்டர் தேடி டாம் வீதிக்குப் போனேன். சுருளிலிருந்து அளந்து வெட்டித் தரும் கடை ஒன்று.

"தம்பி, பிரேக்குக்கும் கியருக்கும் இதுதான். எல்லாரும் இதைத்தான் போடுறாங்க" என்றார் கடைக்கார நானா.

"நானா, வெட்டின இடத்தைப் பாருங்க, உள்ளுக்குக் கம்பி சுருளாச் சுத்தியிருக்கு. இழுத்தா அமுங்கும்."

அவர் அதைக் கையில் எடுத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "அமுங்கினா என்ன, பிரேக் பிடிக்குதுதானே?"

பிரேக் பிடிக்கும், அதில் சண்டையில்லை. ஆனால் கியர் அவுட்டரில் இழைகள் நீளவாக்கில் ஓட வேண்டும். அப்போதுதான் வளைத்தாலும் இழுத்தாலும் நீளம் மாறாது. 4 மில்லிமீற்றர் கியர் அவுட்டரைக் கடைசியில் ரொறன்ரோ மச்சான் சூட்கேசில் சுருட்டிக்கொண்டு வந்தான். இன்னரை மட்டும் அதே நானாவிடம் வாங்கினேன்: துருப்பிடிக்காத இரும்பு, 1.2 மில்லிமீற்றர், நல்ல சரக்கு. 2022 எரிபொருள் வரிசைக் காலத்தில் சைக்கிள் சாமான் விலை போன உயரத்தை நினைத்தால், இப்போது கேட்ட விலைக்குப் பேரம் பேசக்கூட மனம் வரவில்லை.

இனி வெட்டும் வேலை. எனக்கு முழு வித்தையும் இங்கேதான் இருக்கிறது. நீளவாக்கு இழை அவுட்டரைச் சாதாரணக் குறட்டால் வெட்டினால் முனை நசுங்கும், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாய் வாய் மூடிக்கொள்ளும், இழைகளில் சில நீண்டும் சில குட்டையாயும் நிற்கும். அதன் மேல் தொப்பியைப் போட்டால் பார்வைக்கு எல்லாம் சரி. ஆனால் பாரம் விழுவது நீண்டு நிற்கும் அந்த இரண்டு மூன்று இழைகள் மேல். அவை மெல்ல மெல்ல மடங்கும், கோடு மெல்ல மெல்ல நகரும். நான் செய்தது: வெட்டும் இடத்தில் பழைய இன்னர் துண்டு ஒன்றை உள்ளே விட்டு, கேபிள் வெட்டும் குறட்டால் இரண்டையும் சேர்த்து ஒரே அழுத்தாக வெட்டினேன். குழாய் அவ்வளவாக நசுங்கவில்லை. பிறகு சின்ன அரத்தால் முனையை ராவினேன். இழைகளின் தலைகள் வெள்ளிப் புள்ளிகளாக ஒரே மட்டத்தில் மின்னும் வரை ராவ வேண்டும். நகத்தை அதன் மேல் ஓட்டினால் எங்கும் தட்டக்கூடாது. கடைசியில் கூர் தீட்டிய பழைய ஸ்போக்கைக் குழாய்க்குள் விட்டுச் சுழற்றி வாயைத் திறந்து, தூளை ஊதி எடுத்தேன். இந்த ஒரு வேலைக்கு ஒரு பின்னேரம் முழுக்க மினக்கெட்டேன் என்றால் வீட்டில் யாரும் நம்பவில்லை.

அப்புறம் 101. ஷிஃப்டர் 1-இல், அட்ஜஸ்டர் (கம்பி இழுவையைச் சரிசெய்யும் திருகு) முழுக்க உள்ளே, அவுட்டர் அதன் இருக்கையில் நன்றாக அமர்ந்திருக்க, இன்னரைத் தளர்வில்லாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு அவுட்டர் முனையிலிருந்து 101 மில்லிமீற்றரில் பூட்டுப் போல்ட். தைக்கும் நாடாவால் அளக்காதீர்கள், இரும்பு அடிமட்டம் வேண்டும். போல்ட் ஒருமுறை கடித்த இடத்தில் இன்னர் நசுங்கிவிடும். அரை மில்லிமீற்றர் தள்ளி மறுபடி கடித்தால் இழை பிரியத் தொடங்கும். பிடிக்க ஒரு கை, இறுக்க ஒரு கை, அளக்க ஒரு கை. மூன்றாவது கை பக்கத்து வீட்டுப் பெடியனுடையது. 1-இலிருந்து 4-க்குத் தட்டினேன், கோடு கிட்டத்தட்ட நேர். அட்ஜஸ்டரில் அரைச் சுற்று, முழு நேர்.

பிரேமோடு கட்டுவதில் இரண்டு விஷயங்கள்தான். பிரேமில் இருக்கும் நிறுத்திகளுக்குள் முழு அவுட்டர் நுழையாது. துளையைப் பெருப்பிக்கலாம் என்பார்கள். பெயின்ற் போன இடத்தில் கறளுக்கு வாசல் திறந்துவிட எனக்கு விருப்பமில்லை. பழைய ரியூபை நறுக்கி அடியில் வைத்து, மேலே கேபிள் டை. ரப்பர் இல்லாவிட்டால் மணலும் உப்பும் சேர்ந்து பெயின்றை அரைத்துத் தள்ளிவிடும். அடுத்தது ஹெட் டியூப் வளைவு. என்னுடையது பட்டர்ஃபிளை ஹாண்டில், ஷிஃப்டர் சைக்கிள்காரனுக்கு மிகக் கிட்ட நிற்கிறது, அங்கிருந்து அவுட்டர் ஒரு பெரிய வளைவு போட்டே கீழே இறங்க வேண்டும். ஹாண்டிலை முழுக்க வலப்பக்கமும் இடப்பக்கமும் திருப்பிப் பார்த்த பிறகே முதல் டையை இறுக்க வேண்டும். ஹாண்டில் பையையும் மாட்டிவிட்டுப் பாருங்கள். பை தள்ளினால் வளைவு ஒடுங்கும். வீ பிரேக்கின் வளைந்த உலோகக் குழாயை இந்த இடத்தில் போட்டால் அழகாக இருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். அழகுதான், கூடவே உராய்வும் வரும். நான் போடவில்லை.

ஹப் பக்கம் கடைசி வளைவைத் தாராளமாக விட்டேன். செயினை இறுக்கச் சக்கரத்தைப் பின்னால் இழுக்கும்போது அவுட்டர் விறைக்கக்கூடாது. பங்சரானால் கழற்றுவதும் இங்கேதான்: 1-க்குக் கொண்டுவந்து, அவுட்டரைத் தாங்கியிலிருந்து உருவி, கப்பியில் இருக்கும் சின்னத் துளையில் 2 மில்லிமீற்றர் அலன் சாவியை விட்டுத் திருப்பினால் போல்ட் தானாய் வெளியே வரும். 14 கேஜ் ஸ்போக்கும் அந்தத் துளைக்குப் பொருந்தும், அதனால் உபரி ஸ்போக் ஒன்று பம்போடு கட்டிக் கிடக்கிறது. அக்சில் நட்டுக்கு 15 ஸ்பானர் வேறு. கொழும்பில் எல்லாச் சந்தியிலும் பங்சர் ஒட்ட ஆள் உண்டு, ஆனால் இந்தப் பின்சக்கரத்தைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பிவிடுகிறார்கள்.

அடுத்தது ஹட்டன் ஏற்றம், அவிசாவளை வழியாக. முன்னால் 38, பின்னால் 20 பல்; ஹப்பின் 1-ஆம் கியர் 0.527 என்பதால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் கிட்டத்தட்ட ஒரு சுற்றுத்தான். வழியில் வரும் கினிகத்தேனை ஏற்றத்துக்கு அது போதுமா என்று எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை, 22 பல் ஒன்றுக்கு மச்சானிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவன் அடுத்து வரும்போது ஹப் எண்ணெயும் வந்துவிட்டால், 5,000 கிலோமீற்றர் ஆகும் முன்பே ஹப்பின் உட்பகுதியைக் கழற்றி எண்ணெயில் தோய்த்துப் பார்க்க ஆசை.

பொட்டம் பிராக்கெட்டுக்கு (பெடல் அச்சு சுழலும் இடம்) கீழே மட்டும் இப்போதைக்கு வெறும் கேபிள் டை. வழியிலேயே அதுதான் தாழ்ந்த இடம். ஷிஃப்டர் முனையால் தண்ணீர் புகுந்தால் அங்கேதான் தேங்கும். முழு அவுட்டரைப் பிடித்துத் திருகாணியில் பூட்டும் பிளாஸ்டிக் பிடி ஒன்று தேடுகிறேன், டாம் வீதியில் கிடைக்கவில்லை. பஞ்சிகாவத்தையில் மோட்டார் சைக்கிள் கேபிள் பிடிகளைக் குடைந்து பார்க்க வேண்டும்.