சீட்டில் மணி இல்லை

ஆத்தாவுக்குப் பார்க்கின்சன் நோய். காரைக்குடியில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்த மூன்றாவது வாரம், காலைப் பலகார நேரத்தில் பார்க்கப் போனேன். இடியாப்பத்தை எடுக்கிறார், பாதி மடியில் விழுகிறது. அடுத்த வாய் எடுப்பதற்குள் கை பாதியில் அப்படியே நின்றுவிடுகிறது. வீட்டில் இருந்தவரை அந்நேரத்துக்குத் தானே கொண்டை போட்டுக்கொண்டு வளவில் வந்து உட்கார்ந்திருப்பார்.

நோய் முற்றிவிட்டது என்றுதான் பயந்தேன். அப்புறம்தான் மாத்திரை எப்போது கொடுத்தீர்கள் என்று சிஸ்டரிடம் கேட்டேன். “எல்லாருக்கும் சாப்பிட்டதும்தான் அக்கா. ஆச்சிக்குப் பாலோட குடுத்துருவோம்” என்றார்.

பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போக வேண்டியது. பாலில், பருப்பில் உள்ள புரதம் அதை உடம்பில் சேரவிடாமல் மறிக்கும். நேரம் தள்ளினால் கைகால் விறைத்துவிடும். வீட்டில் ஆறு மணிக்கு வெந்நீரோடு கொடுத்துவந்தேன். சேர்க்கும்போது அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். டாக்டர் சீட்டில் 1-1-1-1 என்று மட்டும் இருந்தது. அதைப் படிக்கிற யாருக்கும் மணி எப்படித் தெரியும்?

மதுரைக்குப் போய் டாக்டரிடம் காலை 6, 10, மதியம் 2, மாலை 6 என்று எழுதி வாங்கினேன். படுக்கும்போது கொடுக்கும் மாத்திரை மெதுவாகக் கரையும் வகை. விழுங்கச் சிரமப்படுகிறாரே என்று அதைப் பொடித்து வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அன்பில் செய்ததுதான். ஆனால் பொடித்தால் இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி விழுங்கவைக்க டாக்டர் காட்டிக்கொடுத்தார்.

இல்லத்தில் ஆறு மணிதான் சிக்கல். குளிப்பாட்டும் நேரம், இருப்பதோ இரண்டு பேர். சரி, ஆத்தாவின் மாத்திரையைத் தனி டப்பாவில் எடுத்துவைத்து, போனில் அலாரம் வைப்பது என்று முடிவானது. கொடுத்ததும் அட்டையில் கையெழுத்து. அதிலும் ஒரு நாள் பத்து மணிக் கட்டத்தில் கையெழுத்து இருக்கிறது, மாத்திரை ஆத்தாவின் முந்தானையில் முடிந்து கிடக்கிறது! அன்றிலிருந்து விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் பேனாவை எடுக்கிறார்கள். இந்த ஒரு வழக்கத்துக்காகவே அந்தச் சிஸ்டர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

நேற்றுப் பழைய கதை பேசிக்கொண்டிருந்தோம். பத்து மணி அலாரம் அடித்தது. ஆத்தா பேச்சை நிறுத்திவிட்டு, டம்ளரைத் தானே எட்டி எடுத்தார்.