நெல் காயவிடும் தளத்தில் ஒரு சக்கர நாற்காலி

என் அக்காவின் மகனுக்குப் பதினொரு வயது. கருவுற்ற முதல் 28 நாட்களுக்குள் மூடியிருக்க வேண்டிய நரம்புக் குழாய் (மூளையும் முள்ளந்தண்டு நாணும் உருவாகும் குழாய்) மூடாமல் விடுவதால் உண்டாகும் ஸ்பைனா பிஃபிடா என்ற முதுகெலும்புக் குறைபாட்டுடன் பிறந்தவன். வீட்டுக்குள் ஊன்றுகோலுடன் நடப்பான்; வெளியே போனால் சக்கர நாற்காலிதான்.

போன வருடம் ஒருநாள், பாடசாலையால் வந்து சப்பாத்தைக் கழற்றியபோது காலுறை இரத்தத்தில் ஒட்டியிருந்தது. உள்ளே கடலையளவு கிரவல் கல் ஒன்று. காலில் உணர்ச்சி குறைவு என்பதால் அவனுக்கு நோகவேயில்லை. புண் ஆற ஆறு வாரம் சென்றது. அதன்பின் அக்கா அவனை விறாந்தையை விட்டு இறக்கவில்லை. அவளை நான் குறை சொல்லமாட்டேன். ஆனாலும் மனம் கேட்காமல், இப்படியான பிள்ளைகள் உடற்பயிற்சி செய்வது பற்றிய ஆய்வுகளைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட உடலியக்க வழிகாட்டல், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட இயக்கத்தைப் பரிந்துரைக்கிறது. அவ்வளவு முடியாவிட்டால் சிறிதளவாவது செய்வது நல்லது என்றும் சொல்கிறது. நெதர்லாந்தில், நடக்கக்கூடிய ஸ்பைனா பிஃபிடாப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே நடைப்பொறிப் (ட்ரெட்மில்) பயிற்சி கொடுத்துப் பார்த்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் கூடியது. என்னை மிகவும் பாதித்தது வேறொன்று: ஒரே தூரத்தை நடக்க இவர்களுக்கு மற்றப் பிள்ளைகளைவிட அதிக சக்தி செலவாகிறது. பஞ்சி பிடித்தவன் என்று எத்தனை பேர் அவனைச் சொல்லியிருப்பார்கள்!

ஆய்வுகள் பெரும்பாலும் சிறிய குழுக்களிடம், வழுவழுப்பான தரையில் நடந்தவை. எங்கள் கிரவல் வீதியில் முன்சில்லு புதைந்துவிட, பின்சில்லைத் தள்ளித் தள்ளித் தோள்மூட்டு தேய்ந்துபோகும். காலம் முழுவதும் கைகளையே நம்பி வாழப்போகிறவனுக்கு அது பெரிய இழப்பு. ஆகவே சமதளம் தேடினோம். நெல் காயவிடும் சீமெந்துத் தளம் கிடைத்தது. வெயில் தணிந்த பிறகே போவோம், ஏனென்றால் முதுகில் பாதிப்பு உள்ள இடத்துக்குக் கீழே உடல் சரியாக வியர்க்காமல் சூடேறக்கூடும். கைப்பயிற்சிக்கு இறப்பர்ப் பட்டியை நாங்கள் தொடுவதில்லை. இயற்கை இறப்பர் ஒவ்வாமை இவர்களிடம் அதிகம். துணிப்பையில் மணலைக் கட்டித் தூக்குகிறான்.

வீடு திரும்பியதும் அக்கா முதலில் சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டுவாள். பிறகு டோர்ச் வெளிச்சத்தில் குதிக்கால், விரலிடுக்கு, இருக்கைப்பக்கம் எல்லாம் பார்ப்பாள். எங்காவது சிவந்திருந்தால் அடுத்த நாள் தளத்துக்குப் போவதில்லை. கால் காரணமில்லாமல் சூடாகி வீங்கியிருந்தால், நோவில்லாவிட்டாலும் எலும்பு முறிந்திருக்கலாம் என்பதால் வைத்தியசாலைக்குத்தான்.

நேற்று நாற்காலியில் பதினான்கு சுற்று ஓடினான். மாசியில் அறுவடை நெல் வந்து தளம் நிறைந்துவிடும். அதற்குமுன், பொதுநோக்கு மண்டப முற்றத்தில் ஒரு பகுதிக்காவது சீமெந்து போட முடியுமா என்று ஊர்க் கூட்டத்தில் கேட்கவிருக்கிறேன்.